அல்லி சொன்ன பதிலை நான் எழுதவில்லை

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து மடக்கினால் எனக்குத்தான் அவமானம்.

என் தங்கை மகள் ஜெமிமா மூளை ஆராய்ச்சி செய்கிறாள். ஆட்டிசம் உள்ளவர்களின் கண்கள் எப்படி அசைகின்றன, அந்த அசைவை மூளையின் எந்தப் பகுதி நடத்துகிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். போன கோடையில் ஒரு பெட்டியோடு கோட்டுச்சேரியில் என் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"பெரியம்மா, உங்க எழுதுற ரூம் வேணும். சத்தம் வராது, ஜன்னலை அடைச்சா இருட்டாயிரும்."

"நான் எங்கடி எழுதுறது?"

"கிச்சன்ல எழுதுங்க. எங்க உக்காந்து பண்ணினாலும் கொலை கொலைதானே?"

எல்லா ஆராய்ச்சியிலும் பெரிய நகரத்துக்காரர்களே வந்து உட்காருகிறார்கள், காரைக்கால் பக்கம் ஆளே இல்லையா என்று தன் பேராசிரியரோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கி வந்திருந்தாள். பெட்டிக்குள் ஒரு கறுப்புப் பட்டை. கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே அதை ஒட்டினால், எதிரே இருப்பவரின் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பிடித்துவிடுமாம்.

வாரப் பத்திரிகைத் துப்பறியும் தொடர்களைப் படித்து வளர்ந்து, பிறகு அவற்றை எழுதியே வயிறு வளர்த்தவள் நான். அந்தப் பட்டையைப் பார்த்த நிமிடமே என் மண்டைக்குள் ஒரு பிணம் விழுந்தது. திரையில் கொலை நடந்த அறை. எதிரே வரிசையாகச் சந்தேக நபர்கள். எல்லோர் கண்களும் ரத்தத்தைப் பார்க்கின்றன; ஒருத்தர் கண் மட்டும் கத்தி ஒளித்த பீரோவுக்கு ஓடுகிறது. மூன்று மாதம் தாங்கும் சரக்கு.

அந்தப் பேராசையைக் கெடுத்தவள், ஜெமிமாவின் பரிசோதனைக்கு வந்த அல்லி. (அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. பின்னால் வரப்போகும் டாக்டரின் பெயரும் உண்மை இல்லை. அவர் டாக்டர் என்பதுகூட உண்மையாக இருக்க வேண்டியதில்லை.) எழுதி முடித்ததை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பென்சிலால் ஓரத்தில் எழுதியது. அழிக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

[ஒரு நிபந்தனை இல்லை, இரண்டு. இரண்டாவதைப் பற்றிக் கடைசியில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.]

இந்தக் கதையில் பணயம் ஒன்றே ஒன்றுதான்: காரைக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் நாற்காலி. அது அல்லிக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? பிணம் கிடையாது. வேண்டாம் என்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

*திரையில் ரத்தம். கிருபாகரனின் கண்மணிகள் ஒரு கணம்—*

விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

*வாஞ்சூர் கடலோரம் அலை ஒதுக்கிய உடலை முதலில் பார்த்தது—*

ஜெமிமா தண்ணீர் குடிக்க கிச்சனுக்கு வந்தவள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, இந்த உடம்புக்கும் என் மெஷினுக்கும் என்னா சம்பந்தம்?"

"கடைசி வாரத்துல தெரியும்."

"உங்களுக்கே அப்பத்தானே தெரியும்!"

விட்டுவிட்டேன்.

மூன்றாம் முயற்சி:

*சுரக்குடியிலிருந்து அல்லி என்ற அந்தப் பெண் வெயிலில் நடந்து வந்தாள். அவள் கண்களில் இனம் புரியாத சோகம்—*

[சோகம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பாட்டுக் கேட்டார். கோபம்.]

அப்படியென்றால் கோபத்தோடு வந்தாள். கூடவே அவள் அம்மா மாரிக்கண்ணு, கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய். சொந்த நிலம் கொஞ்சம், மீதி நாளெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை. அல்லி பி.காம். முடித்தவள். கல்லூரியில் படிக்கும்போதுதான் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டார்கள். அதுவரை ஊரில் அவளுக்கு வேறு பெயர்: திமிரு புடிச்சது.

அல்லி என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் அலமாரியில் இருந்த என் புத்தகங்களைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள். "உங்க கதைல கொலைகாரன் யாருன்னு மொத வாரமே கண்டுபிடிச்சுருவேன்."

என் தொழிலையே உலுக்கும் பேச்சு. "எப்படிம்மா?"

"யாரு பார்வையைத் திருப்பிக்கிறாங்களோ அவங்கதான். போலீஸ்காரர் 'என் கண்ணைப் பாத்துச் சொல்லு'ன்னுவாரு, அவன் சுவத்தைப் பாப்பான். முடிஞ்சுது கதை. நான் உங்க கதைக்குள்ள வந்தா அன்னிக்கே தூக்குலதான்."

மாரிக்கண்ணு பதறினாள். "ஏ, பெரியவங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு இல்ல? தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். உடனே எழுதி வைத்தும் கொண்டேன். அதனால்தான் அது இங்கே இருக்கிறது.

3

இப்போது கொஞ்சம் கட்டுரை. பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

இருட்டாக்கிய என் அறையில், தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி ஒன்று நடுவில் தோன்றும், பிறகு சட்டென்று ஓரத்துக்குப் போகும். கண்ணும் பின்னாலேயே போக வேண்டும். இதையே திரும்பத் திரும்ப. பிறகு பேசும் முகங்களின் படங்கள்.

நம் கண் ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லையாம். தாவுகிறதாம். இந்த வரியை வாசிக்கிற உங்கள் கண்களும் தாவிக்கொண்டுதான் இருக்கின்றன: ஒரு சொல்லில் நிற்கும், ஒன்றைத் தாண்டும், மறுபடி நிற்கும். தாவுகிற அந்த நேரத்தில் மூளை படத்தை மங்கவைத்துவிடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை.* எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்று அளவைத் திருத்திக் கொடுப்பதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு. ஆட்டிசம் உள்ள சிலரிடம் அந்தத் தாவல் இலக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. அல்லது எட்டாமல் நின்று, இன்னொரு குட்டித் தாவல் போட்டு எட்டுகிறது. ஒரு தாவலைப் போல அடுத்தது இருப்பதில்லை. சிலரிடம். இந்தச் 'சிலரிடம்' என்ற சொல்லை ஜெமிமா எப்போதும் கொஞ்சம் உரக்கச் சொல்வாள்.

(* ஆக, முக்கியமான இடத்தில் திரையை இழுத்து மூடுவது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. எல்லோர் மண்டைக்குள்ளும் ஒரு தொடர்கதை ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார்.)

"அந்தத் தாவலுக்கும், முகத்தைப் பாக்காமப் பேசறதுக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று கேட்டேன்.

"முழுசாத் தெரியாது பெரியம்மா. அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

தொடர்கதையில் ஒரு விஞ்ஞானி 'தெரியாது' என்று சொன்னால் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். அங்கே விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'இன்ஸ்பெக்டர், நீங்கள் நினைப்பதைவிட ஆபத்தானது இது' என்று சொல்ல வேண்டும். ஜெமிமா கண்ணாடியைக் கழற்றினாள்தான். துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அல்லியிடமே கேட்டேன், முகத்தைப் பார்ப்பதில் என்ன சிரமம் என்று.

"கண்ணைப் பாத்தா காது வேல செய்ய மாட்டேங்குது. ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். நான் உங்களைப் பாக்கணுமா, நீங்க சொல்றதைக் கேக்கணுமா? எது வேணும்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க."

கேட்டால் போதும் என்றேன்.

[இதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.]

4

கதையின் முடிச்சு அவள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது விழுந்தது.

முதல் நாள் பரிசோதனை முடிந்து ஜெமிமா நன்றி சொன்னாள். அல்லி நகரவில்லை.

"எனக்கு ஒரு பேப்பர் வேணும்."

"என்ன பேப்பர்?"

"என் கண்ணு இப்படித்தான் நகரும், நான் எதையும் மறைக்கல. இந்த ரெண்டு விஷயம் மட்டும் எழுதி, கீழ உங்க காலேஜ் சீல்."

அப்புறம்தான் ஸ்கேன் சென்டர் கதை வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். அல்லி போனாள். டாக்டர் திருஞானசம்பந்தம் கொடுத்த பக்கத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்தாள். டாக்டருக்குச் சந்தோஷம். பிறகு பேச ஆரம்பித்தார். அங்கே கெட்டது.

"என்னைப் பாத்துப் பேசும்மா" என்றாராம். அவள் அவருக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

[காலண்டர் இல்லை. ஏசி.]

ஏசியைப் பார்த்தாள். "எதையோ மறைக்கிறியேம்மா. இங்க நோயாளிங்களோட ரகசியமெல்லாம் கையில வரும். நம்பிக்கையான ஆள் வேணும். திங்கட்கிழமை அம்மாவை அழைச்சிட்டு வா, அப்புறம் சொல்றேன்" என்றாராம் டாக்டர்.

"புதுச்சேரியில கொடுத்த பேப்பர் இருக்குல்ல? ஆட்டிசம்னு போட்டது? அதைக் காட்டலாமே" என்றேன்.

அல்லி சிரித்தாள். "வேலை கேட்டுப் போன ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல காட்டினேன். 'அய்யோ பாவம், வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்குங்க'ன்னு அம்மாகிட்டச் சொல்லி, எனக்கு ஒரு சாக்லேட் குடுத்து அனுப்பிட்டாங்க. எனக்குப் பாவம் வேணாம். கண்ணைப் பத்தி மட்டும் ஒரு பேப்பர். மத்தத அவங்க என் டைப்பிங்கைப் பாத்து முடிவு பண்ணட்டும்."

ஜெமிமா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அல்லி, என்னால முடியாதும்மா. எங்ககிட்ட உங்க பேரே கிடையாது, ஒரு குறியீடுதான் இருக்கும். எல்லாரையும் சேத்து வச்சுத்தான் ஏதாவது சொல்ல முடியும். இந்த ஆளோட கண்ணு இதனாலதான் இப்படின்னு ஒருத்தரைப் பத்தி எழுதிக் குடுத்தா அது பொய்யாயிரும்."

"உங்களுக்கு என் கண்ணு வேணும். எனக்கு உங்க கையெழுத்து வேணும். நான் குடுத்துட்டேன்."

ஜெமிமா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். (நல்ல வசனம் கிடைத்த மகிழ்ச்சியில் நான் ஒரு கணம் அல்லியை மறந்தேன். இது எங்கள் தொழிலின் நோய்.)

5

மாரிக்கண்ணு என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. மகளுக்காகக் கண்ணீர் விடும் தாய் எந்தக் கதையிலும் வருவாள். அவளைக் கதையிலிருந்து அடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அன்று கிச்சனில் அவள் சொன்னதை நான் கற்பனை செய்திருக்கவே முடியாது.

அது மறுநாள்; உள்ளே பரிசோதனையின் அடுத்த பகுதி நடந்துகொண்டிருந்தது. மாரிக்கண்ணு தானாக முருங்கைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லவா? அவ இப்படி ஆனது என்னாலதான்."

"என்ன பேசுற மாரிக்கண்ணு?"

"நெசமாத்தான்க்கா. சனிக்கிழமை ஆனா இடுப்புல தூக்கிட்டு திருநள்ளாறு போயிருவேன். சனீஸ்வரன் சன்னதில நேரா நிக்கக் கூடாது, அவரு பார்வை மேல பட்டுரும், ஒதுங்கித்தானே நிப்போம்? நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, ஒங்களுக்குத் தெரியாது. இவ சின்னப் புள்ளயில துறுதுறுன்னு எல்லாத்தையும் உத்து உத்துப் பாப்பா. எனக்கு பயம். மூஞ்சியைப் புடிச்சு அந்தாண்ட திருப்பி, 'நேரா பாக்காதடி, நேரா பாக்காதடி'ன்னு சொல்லிச் சொல்லி... இவதான் ஒரு தடவ சொன்னா அப்படியே புடிச்சுக்குற ஆளாச்சே. சாமியைச் சொன்னத மனுசாளுக்கும் சேத்து எடுத்துக்கிட்டாக்கா."

கத்தி நின்றுவிட்டது.

நான் ஜெமிமாவைக் கூப்பிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அம்மா திருப்பிய முகத்தால் ஆட்டிசம் வராது. கோயிலால் வராது. சொன்ன சொல்லால் வராது. பிறப்பதற்கு முன்பே மூளை வளரும் விதத்தில் இருப்பது அது.

"இதுல அந்தச் 'சிலரிடம்' கிடையாதா?" என்று நான் இடையில் கேட்டேன்.

"கிடையாது பெரியம்மா. இது நிச்சயம்."

மாரிக்கண்ணு அழுவாள் என்று காத்திருந்தேன். வார்த்தைகூடத் தயார் செய்துவிட்டேன்: *பாரம் இறங்கிய அந்த முகத்தில்—*

விட்டுவிட்டேன். அவள் முகத்தில் எதுவும் இறங்கவில்லை. ஏமாந்தவள் போலத்தான் இருந்தாள்.

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலியா?" என்றாள். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நான் பண்ணியிருந்தா நானே சரி பண்ணிரலாம்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

[அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. இங்கேதான் படித்தேன். இந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தேன்.]

6

திங்கட்கிழமை வருவதற்குள் எனக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. கதைக்குத்தான். வேலைக்கு அல்ல என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முடிவு அ: *மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்து வருகின்றன. கூட்டத்தில் டாக்டரின் தலையை நோக்கி வந்த ஒன்றை, அதுவரை யாரையும் நேராகப் பார்க்காத அல்லி—* காரைக்காலில் கதை நடந்தால் மாம்பழம் பறந்தாக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கை அங்கேயே போய்விட்டது.

[கூட்டம் என்றால் நான் போக மாட்டேன். மாம்பழம் கடையில் கிடைக்கும்.]

முடிவு ஆ: *டாக்டரை அந்த மெஷின் முன் உட்காரவைக்கிறார்கள். அவர் கண் எங்கெங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.* வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஜெமிமா ஒரே வரியில் கொன்றாள்: "சம்மதம் வாங்காம யாரையும் உக்காரவைக்க முடியாது பெரியம்மா."

முடிவு இ. இதை மட்டும் நான் முழுதாக எழுதினேன். கிச்சன் மேசையில் மாரிக்கண்ணுவுக்குப் படித்தும் காட்டினேன். அல்லி உள்ளே புள்ளிகளோடு இருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. தாய் டாக்டரிடம் போய்ச் சொல்கிறாள்: மகளுக்குச் சனி தோஷம், பரிகாரமாக யாரையும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. டாக்டர் ஒப்புக்கொள்கிறார். சுபம்.

"எப்படியிருக்கு?" என்றேன்.

மாரிக்கண்ணு யோசித்தாள். "நல்லாருக்குக்கா. ஆனா கெடு சொல்லல நீங்க. பரிகாரம்னா எதுவரைக்கும்னு ஒரு கெடு இருக்கும். கெடு இல்லாட்டி யாரு நம்புவா?"

"அப்ப என்ன போடலாம்?"

"அடுத்த சனிப்பெயர்ச்சி வரைக்கும்னு போடுங்க."

"பிரமாதம்!" என்றேன். திருத்தி எழுதினேன். ஒரு பத்திரிகை உதவி ஆசிரியருக்கு இருக்க வேண்டிய மூளை அவளுக்கு இருக்கிறது என்று மனதுக்குள் பாராட்டினேன்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கதை கேட்பவர்கள் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்றுதான் கேட்பார்கள். 'எதுவரைக்கும்?' என்று கேட்பவர்கள் வேறு எதற்கோ கேட்கிறார்கள்.

7

திங்கட்கிழமை மதியம் மாரிக்கண்ணு தனியாக என் வீட்டுக்கு வந்தாள். அல்லி நேராகச் சுரக்குடிக்குப் போய்விட்டாளாம். வரும் வழியெல்லாம் அம்மாவோடு பேசவில்லையாம்.

"சொல்லிப்புட்டேன்க்கா" என்றாள்.

"எதை?"

"நீங்க எழுதினத."

நடந்ததை மாரிக்கண்ணு சொன்னபடியே தருகிறேன். அல்லி திருத்திய இடங்களில் திருத்தி.

டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார். "பொண்ணு வேலையில சுத்தம்மா. ஆனா முகங்குடுத்துப் பேச மாட்டேங்குது. வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. பரிகாரம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "திருநள்ளாறா?"

"ஆமாங்க. யாரையும் நேருக்கு நேரா பாக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அடுத்த பெயர்ச்சி வரைக்கும்."

"அட, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்னம்மா! எனக்கு ஏழரை நடந்தப்ப நான் பட்ட பாடு இருக்கே..." டாக்டர் தன் பாட்டைச் சொன்னார். மூளையைப் படமெடுத்து, படத்தைப் படித்துச் சம்பாதிக்கிறவர், தன் ஏழரைச் சனியைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். பிறகு மணியடித்து ரிசப்ஷனில் இருந்த கமர் நிஷாவைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு உன்னை நேரா பாக்காது. தப்பா எடுத்துக்காத. அவங்க நேர்த்திக்கடன்."

"அதுக்கென்ன சார்" என்றாள் கமர் நிஷா. "மேசையைச் சுவர் பாத்தாப்ல திருப்பிப் போட்டுருவோமா? ஆளுங்க போக வர இருப்பாங்க, அவங்களுக்குக் கஷ்டமாயிருக்கும்."

"போடு, போடு."

படித்தீர்களா? ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பள்ளிக்கூட ஆபீஸில் சாக்லேட் வாங்கித் தந்த உண்மையால் முடியாதது, ஜெமிமாவின் ஆராய்ச்சியால் முடியாதது, என் கிச்சனில் பிறந்த ஒரு பொய்யால் முடிந்தது. சுவரைப் பார்த்த மேசை. முகத்தைப் பார்க்கச் சொல்லாத மனிதர்கள். அல்லி வாழ்நாள் முழுதும் கேட்டது அவ்வளவுதான். காரைக்காலுக்கு அதைக் கொடுக்கத் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் ஊருக்குச் சந்தேகம்.

பிறகு டாக்டர், சும்மா ஒரு மரியாதைக்கு, அல்லியின் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானேம்மா?"

அவளுக்கு அந்தப் பொய் அன்றுதான் தெரியும். பக்கத்தில் அம்மா. ஆமாம் என்றால் நாற்காலி. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அவள் சனி பிடித்தவள். பெயர்ச்சிக்கு மறுநாள் எல்லோரும் அவள் கண்ணுக்காகக் காத்திருப்பார்கள். இல்லை என்றால் நாற்காலி போகும். டாக்டர் முன்னால் அம்மா பொய்க்காரி ஆவாள்.

*பொய் சொல்லவே தெரியாத அந்தக் குழந்தை உள்ளம்—*

[இதை அடியுங்கள். எங்களுக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வரும். பல்வலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். பொய் வராததால் நான் திகைக்கவில்லை. யோசித்தேன்.]

அடித்துவிட்டேன். அவள் யோசித்தாள். பிறகு பதில் சொன்னாள்.

8

அந்தப் பதிலை எழுதித்தான் அல்லியிடம் கொடுத்தேன். அவள் அந்த வரியைப் பென்சிலால் அல்ல, பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கோட்டுச்சேரிக்கே வந்தாள். கிச்சனில் உட்கார்ந்தாள்.

"இதுதான் ரெண்டாவது நிபந்தனை. என் பதில் வரக் கூடாது."

"கதையே அதுதானேம்மா!"

"உங்களுக்குக் கதை. நான் 'இல்லை'ன்னு சொல்லியிருந்தா, 'ஆகா, என்ன நேர்மை'ன்னு வாசகர் கடிதம் போடுவாங்க. 'ஆமாம்'னு சொல்லியிருந்தா 'பலே கெட்டிக்காரி'ன்னு போடுவாங்க. எதைச் சொன்னாலும் என்னைப் பத்தியேதான் பேசுவாங்க. அந்தாளு அந்தக் கேள்வியை ஏன் கேட்டாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

எனக்குள் இருந்த தொடர்கதைக்காரி விடவில்லை. "அல்லி, நான் மறைச்சா அதுவே ஒரு துப்பு. வேலை கிடைச்சிருச்சு, அது போயிரக் கூடாதுன்னுதான் மறைக்கிறாங்கன்னு வாசகர் பிடிச்சிருவாங்க."

"கிடைக்காம இருந்தாலும் மறைப்பேன். அம்மாவை ஊருக்கு முன்னாடி பொய்க்காரியாக்க எனக்கு இஷ்டமில்ல."

"அப்ப என்னதான் எழுதட்டும்?"

"ரெண்டையும் எழுதுங்க. ரெண்டும் நெஜம் மாதிரி இருக்கணும். அதுல நீங்க கெட்டிதானே?"

ஆகவே:

*"ஆமாம் சார்" என்றாள் அல்லி. மறுநாள் காலை சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைகளில் கமர் நிஷா டீயைப் பின்பக்கமாக வந்து வைத்துவிட்டுப் போவாள். அல்லி ஏசியின் சத்தத்துக்கு நடுவில் மற்றவர்களின் மூளைகளைப் பற்றித் தட்டச்சு செய்தாள்: சிறுமூளை இயல்பாக உள்ளது, சிறுமூளை இயல்பாக உள்ளது. தெருவில் அவளைப் பார்த்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அம்மாவோடு மூன்றாம் நாள் பேசினாள்.*

*"இல்லை சார்" என்றாள் அல்லி. "எனக்கு ஆட்டிசம். அம்மா எனக்காகச் சொல்றாங்க." டாக்டரின் முகத்திலிருந்த நெகிழ்ச்சி அப்படியே இருக்க, அதன் வகை மட்டும் மாறியது. மேசை இழுப்பறையைத் திறந்தார். அல்லி சாக்லேட் வருவதற்குள் எழுந்துவிட்டாள். வாசலில் கமர் நிஷா, "மேசையைத் திருப்பியாச்சு, எங்க போற?" என்றாள். அம்மாவோடு மூன்றாம் நாள் பேசினாள்.*

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று இந்த உலகத்தில் ஐந்து பேருக்குத் தெரியும். அவர்களில் நான் மட்டுமே வாயாடி. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் உங்களைச் சும்மா விட எனக்கு மனமில்லை. கண்டுபிடிக்கும் வேலையை நான் உங்களுக்குக் கொடுக்கவில்லை. வேறு வேலை தருகிறேன். டாக்டர் எழுந்து போய்விட்டார் என்று வையுங்கள். அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அந்த முதல் நாள்தான் இது. பரிகாரம் என்று சொல்ல அம்மா கூட வரவில்லை. சீல் வைத்த பேப்பர் இல்லை. எந்தப் பெட்டியும், எந்த மெஷினும் உங்களுக்கு எதையும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. பிழையில்லாமல் அடித்த ஒரு பக்கம் உங்கள் கையில் இருக்கிறது. எதிரே ஒரு பெண், உங்கள் தலைக்கு மேல் எதையோ பார்த்தபடி, நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முழுக் காதோடு காத்திருக்கிறாள்.

கேளுங்கள்.